செருப்பில்லாமல் நீ ஏறிய படகு

இன்று காலை பசை டப்பாவின் மூடியை நெம்பித் திறந்தேன். குப்பென்று அந்த வாசனை வந்ததும், "தூரமா வெச்சித் தொறய்யா" என்று நீ பின்னால் நின்று சொன்ன மாதிரி இருந்தது. திரும்பியே பார்த்துவிட்டேன். கரையில் காயப்போட்ட வலைதான் இருந்தது.

படகில் நாம் இரண்டு பேரும் ஒட்டிய கார்ப்பெட் இற்றுவிட்டது. பறவை பார்க்க வருகிறவர்கள் மிதித்து மிதித்து நடுவில் நூலாகப் பிரிந்துவிட்டது. ஆள் வைத்து மாற்றலாம் என்று மகள் சொன்னாள். நானே மாற்றிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

டப்பாவில் இருந்த எழுத்தைப் படித்தேன். ஆமாம், நான்தான் படித்தேன். நீ போன அடுத்த வருடம் நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்கு வகுப்பு வைத்தார்கள். போய் உட்கார்ந்தேன். இப்போது பஸ் போர்டு, கடை போர்டு எல்லாம் படிக்கிறேன், மருந்துச் சீட்டில் டாக்டர் எழுதியதைத் தவிர. இந்தக் கடிதம் எழுத மூன்று நாள் ஆகிறது. ஆகட்டும், எனக்கு என்ன அவசரம்?

டப்பாவில் இப்படிப் போட்டிருக்கிறது: இரண்டு பக்கமும் தடவவும், கையில் ஒட்டாத அளவுக்குக் காய்ந்த பிறகு அழுத்தவும். படித்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன். அன்றைக்கு நீ படித்துச் சொன்னதும் இதேதான். "பசை காஞ்சிட்டா எப்படி ஒட்டும்? நீயா சேத்துச் சொல்றே" என்று உன்னிடம் சண்டை போட்டேனே. நீ ஒரு வார்த்தைகூடச் சேர்க்கவில்லை.

அப்போது உன் காலில் ஒரு விரலை எடுத்து ஆறு மாதம் ஆகியிருந்தது. கும்மிடிப்பூண்டி கம்பெனி கேன்டீன் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்தாய். சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சியே இல்லை. முள் குத்தினாலும் உனக்குத் தெரியாது. செருப்பு இல்லாமல் ஓர் அடிகூட வைக்கக்கூடாது, இன்னொரு புண் வந்தால் காலையே எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். உனக்கோ ஏரிக்கு அந்தப் பக்கத் தீவில் இருக்கும் தங்கையைப் பார்க்க வேண்டும். இரண்டு வருடமாகப் பார்க்கவில்லை. அவளுக்கும் முடியவில்லை, இங்கே பழவேற்காடு வரைக்கும் வர மாட்டாள்.

நான் சுலபமாகச் சொன்னேன். "செருப்பு போட்டுக்கினே ஏறு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

நீ முறைத்தாய். "சோறு போடற படகுல செருப்போட ஏறச் சொல்றியா? அதுக்கு வேற பொண்டாட்டியப் பாத்துக்க."

நம் ஆட்கள் யாரும் படகில் செருப்போடு ஏறியதில்லை. உன் அப்பா ஏறியதில்லை, நான் ஏறியதில்லை. டாக்டரம்மா சொன்னாலும் நீ ஏறப்போவதில்லை. படகின் தரையோ, பழைய விரிப்பு கிழிந்து, பலகையின் திருகாணியெல்லாம் தலை தூக்கி நின்றது. சரி, தரையை மாற்றிவிடலாம் என்றேன்.

கவரைப்பேட்டையில் கார் சீட்டு தைக்கிற கடையில் நீலக் கார்ப்பெட் வாங்கி, சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு வந்தேன். பழையதைக் கிழித்து, பெயின்டர் பட்டி பார்க்கிற தகட்டால் பழைய பசையைச் சுரண்டி எடுக்கவே இரண்டு நாள். அடியில் மீன் முள்ளும் கிளிஞ்சலுமாகக் கிடந்தது. திருகாணிகளை நான் முடுக்கி உள்ளே இறக்கினேன். நீ கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பழைய விரிப்பை அளவுக்கு வைத்துப் புதியதை வெட்டிக் கொடுத்தாய்.

நான் உன் பேச்சைக் கேட்காமல் ஈரப் பசையில் ஒட்டினேன். மறுநாள் வந்து பார்த்தால் அப்பளம் மாதிரி உப்பிக்கொண்டு நிற்கிறது. நீ சிரித்த சிரிப்பில் பக்கத்துப் படகுக்காரன்கூட எட்டிப் பார்த்தான். பிய்த்துவிட்டு, நீ படித்த மாதிரியே மறுபடி ஒட்டினேன். ஓரம் மட்டும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. சுற்றிலும் சின்ன ஆணி அடித்துவிட்டேன், உனக்குத் தெரியாமல்.

நீ தவழ்ந்துகொண்டே தரை முழுக்க உள்ளங்கையால் தடவினாய். கால் சொல்லாததைக் கை சொல்லும் என்றாய். ஒரே ஓர் ஆணியின் தலை தட்டுப்பட்டது.

"இன்னாய்யா இது?"

"ஓரம் தூக்கும்மே."

"தூக்கட்டும். என் காலு போனா நீ ஒட்டிக் குடுப்பியா?"

முப்பது ஆணியையும் பிடுங்கினேன்.

தீவுக்குப் போன அன்றைக்குக் காற்று நன்றாக இருந்தது. செருப்பைப் பையில் போட்டுக்கொண்டு, வெறுங்காலோடு ஏறி, காலை நீட்டி உட்கார்ந்தாய். புது மாப்பிள்ளை மாதிரி நான் என்ஜினைக் கிளப்பினேன்.

தீவு தெரிந்தது, உன் தங்கையும் தெரிந்தாள், படகு தரை தட்டி நின்றுவிட்டது. கரைக்கு இன்னும் நாற்பது அடி. கோடையில் தண்ணீர் வற்றி முழங்கால் அளவுதான். அடியில் எல்லாம் சேறு, சேற்றில் எல்லாம் கிளிஞ்சல். எத்தனை தடவை அங்கே குதித்து நடந்திருப்போம்! குதித்துப் போவது பழகிப்போனதால், இறங்க வேண்டும் என்பதே இரண்டு பேருக்கும் நினைவு வரவில்லை. ஏறுவதற்கு மட்டும் நான்கு நாள் வேலை செய்திருக்கிறோம்.

செருப்பைப் போட்டால் சேறு பிடுங்கிக்கொள்ளும். "தூக்கிக்கினு போறேன்" என்றேன்.

"அறுபது வயசுல ரெண்டு பேரும் சேத்துல உழுந்து பொரள்றதுக்கா?" என்றாய். சிரித்துக்கொண்டே சொன்னாய், ஆனால் கண் கலங்கிவிட்டது. நான் வேறு பக்கம் பார்த்தேன்.

அப்போது உன் தங்கை கரையிலிருந்து கத்தினாள். "யக்கா, நீ எறங்காத! நா வரேன்!" புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தலையில் சோற்றுச் சட்டியோடு தண்ணீரில் இறங்கிவிட்டாள். முடியாதவள்! பின்னாலேயே அவள் மருமகள் குழம்புச் சட்டியோடு வந்தாள். மூன்று பேரும் நீலக் கார்ப்பெட்டில் உட்கார்ந்ததும் படகு வீடாகிவிட்டது.

காற்றில் படகு ஆடாமல் இருக்க நான் இறங்கி விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். "மாமா, நீயும் ஏறு" என்றாள் உன் தங்கை. "சேத்துக் காலோட ஏறினா கொன்னுடுவேன்" என்றாய் நீ. ஏறவில்லை. நீங்கள் செத்தவர்களையும் பிறந்தவர்களையும் ஒருவர் விடாமல் பேசி முடிக்கும் வரை தண்ணீரில்தான் நின்றேன்.

நடுவில் நீ நண்டுக் குழம்புச் சோற்றை உருண்டை பிடித்து, விளிம்பில் சாய்ந்து, "வாயத் தொற" என்றாய்.

"எல்லாரும் பாக்கறாங்கமே."

"பாக்கட்டும். ரெண்டு கையாலயும் புட்சிக்கினு இருக்கறயே, எப்படித் துண்ணுவே?"

நம் குடித்தனத்தில் நீ எனக்கு ஊட்டிவிட்டது அந்த ஒரு நாள்தான். குழம்பில் உப்பு அதிகம். அக்காவைப் பார்க்கப்போகிற பதற்றத்தில் இரண்டு தடவை போட்டிருப்பாள். நீயும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

இப்போதும் நம் வீட்டில் நண்டு வைத்தால் தட்டில் ஒரு சிட்டிகை உப்பு தூவிக்கொள்கிறேன். "பிரஷர் இருக்குது நைனா, எதுக்கு இவ்ளோ உப்பு?" என்று மகள் சத்தம் போடுகிறாள். தலையைக் குனிந்து சாப்பிட்டு முடித்துவிடுகிறேன்.