இத்தாலிச் சிவப்பு வைனும் என் மூக்கும்

ஆகஸ்ட் 8, செவ்வாய்
கண்டக்குழியில் விடியலிலிருந்தே கச்சான் காற்று. காய்ச்சல் விட்டுவிட்டது. மணம் மட்டும் இன்னும் தெரியவில்லை. விடுதியில் ஒருவருக்கும் சொல்லவில்லை. சாப்பாட்டு மேசைக்கும் வைனுக்கும் பொறுப்பு நான். மூக்கில்லாமல் எப்படி?

பின்னேரம் கொழும்பிலிருந்து இத்தாலிச் சிவப்பு வைன். லொறி வழியில் பழுதாகி, பெட்டிகள் பகல் முழுக்க வெயிலிலாம். சனிக்கிழமை கல்யாண விருந்து. முதலாளி மெடம்: "சூட்டில கெட்டுப்போச்சோ தெரியாது. நீங்க பாத்துச் சொல்லுங்க. உங்கட சொல்லுத்தான்."

"ஓம் மெடம்" என்றேன். வேறென்ன சொல்ல?

ஆகஸ்ட் 9, புதன்
தனியே ஒரு போத்தல் திறந்தேன். சூடு பட்டால் தக்கை மேலே தள்ளும்; தள்ளவில்லை, நல்ல அறிகுறி. நிறம்: மாதுளைச் சிவப்பு, விளிம்பில் செங்கல். மணம்: ஒன்றுமில்லை. வாயில் வெறும் புளிப்பு. நல்லதா கெட்டதா, கடவுளே.

குசினியில் சமையற்காரர் ரிஸ்வான் நானா சத்தம் போட்டார். "என்ன புள்ள, பால் கருகுது, பக்கத்திலயே நிக்கிறீங்க!"

மணம் தெரியாததைச் சொல்லிவிட்டேன். அழுகையும் வந்தது.

"மெடத்துக்கிட்டச் சொல்லிருங்க. மறைச்சா நெஞ்சுதான் அடைக்கும்."

ஆகஸ்ட் 10, வியாழன்
சொன்னேன். வேலை போகும் என்று நினைத்துத்தான் போனேன். மெடம் கணக்குப் புத்தகத்தை மூடி வைத்தா. பிறகு: "தெரியாம 'நல்லம்' எண்டு சொல்லாம விட்டீங்களே, அது போதும். கொழும்பில இருந்து ஒருத்தரக் கூப்பிடுறன். நீங்க மேசையைப் பாருங்க."

வேலை போகவில்லை! மத்தியானம் இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 11, வெள்ளி
காலையில் நானா தாளித்துக்கொண்டிருந்தார். குசினி வாசலிலேயே நின்றுவிட்டேன். மெல்லிதாக ஒரு மணம், பிறகு பளிச்சென்று.

"நானா, றம்பை இலை போட்டீங்களா?"

"அல்ஹம்துலில்லாஹ்!" கரண்டியோடு அப்படியே நின்றார்.

உடனே மெடத்தை வைத்துக்கொண்டு புதுப் போத்தல். புளிப்புச் செரிப்பழம், காய்ந்த இலை, கொஞ்சம் புகையிலை. சூடு பட்ட வைனில் வரும் பாகு மணம் இல்லை. நாவற்பழம் தின்றாற்போல் பல் முரசில் இறுக்கம். விழுங்கிய பிறகும் ருசி நின்றது. நல்ல வைன். மிக நல்ல வைன்.

இரண்டாவது போத்தலில் நனைந்த கடதாசி மட்டை மணம். தக்கைப் பழுது, வெயிலால் அல்ல. ஒதுக்கினேன். மூன்றாவது சரி.

"அப்ப கொழும்பு ஆளை வர வேண்டாம் எண்டு சொல்லவா?" மெடம் கேட்டா.

"ஓம், சொல்லுங்க."

ஆகஸ்ட் 12, சனி
விருந்து. ஊற்றுமுன் ஒவ்வொரு போத்தலையும் மணந்து பார்த்தேன். தேவைக்குப் பாதி, ஆசைக்குப் பாதி. மணமகளின் தகப்பன் கிளாஸை நீட்டினார்: "பிள்ளை, இதில இன்னும் கொஞ்சம்."

விளிம்புவரை ஊற்றிவிட்டேன். வைனை அப்படி ஊற்றக்கூடாது, மணத்துக்கு இடம் விடவேண்டும்.