அண்ணனைப் பற்றி நான் எழுதிய வரி

செவ்வாய்க்கிழமை, ராத்திரி.

பெரியண்ணனை இன்று அடக்கம் செய்தோம். கோயிலில் போதகர் வாசிக்க வேண்டிய வாழ்க்கைக் குறிப்பை நேற்று நான்தான் எழுதினேன். பத்தாம் வகுப்பில் தமிழில் மட்டும் பாஸானவன் அல்லவா, வீட்டில் எழுத்தாளர் நான்தான். எழுத எழுத ருசி பிடித்துவிட்டது. "செத்த வீட்டுக்கு எழுதுற மூஞ்சியா இது?" என்று மனைவி வந்து கேட்டபோதுதான் நான் சிரித்துக்கொண்டிருப்பது எனக்கே தெரிந்தது.

கோயிலில் பாட்டுப் பாடினால் அண்ணன் எல்லோருக்கும் ஒரு அடி முன்னால் போய்விடுவார். பிறகு பாட்டை நிறுத்திவிட்டு எங்களைத் திரும்பிப் பார்ப்பார். இப்போதும் அப்படித்தான் முன்னால் போய் நிற்கிறார் என்று எழுதியிருந்தேன். அந்த வரியைத் திரும்பத் திரும்ப நானே வாசித்துப் பார்த்துக்கொண்டேன்.

இன்று போதகர் வாசித்ததில் அது இல்லை. பிறந்த ஊர், தேங்காய் வியாபாரம், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், கர்த்தருக்குள் நித்திரை. அவ்வளவுதான். பக்கத்திலிருந்த மகளைப் பார்த்தேன்.

"அந்த வரியக் கேட்டா ஆளுவ சிரிப்பாவ, அப்பா. அதான் போன்ல ஏஐகிட்ட கேட்டேன், அது வேற எழுதித் தந்துச்சு" என்றாள்.

எம்.ஏ. வரை படிக்க வைத்தது நான்தான். யாரைக் குறை சொல்ல.

கல்லறையில் எனக்கு அழுகை நிற்கவே இல்லை. மதினி வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணன்மேல ஒங்களுக்கு எவ்வளவு பாசம்" என்றார்கள். ஆமாம் என்று தலையாட்டினேன். அந்த ஒரு வரி போய்விட்டதே என்றுதான் அழுதேன். அதை அவர்களிடம் எப்படிச் சொல்வது.