ஆள் கேட்ட படகு

என் ஜீப்புக்கார அப்பாவுக்கு,

உடும்பஞ்சோலையில் இன்றுதான் மழை விட்டிருக்கிறது. அம்மா ஏலக்காட்டிலிருந்து இன்னும் வரவில்லை. அவள் வந்து ஊரெல்லாம் சொல்வதற்கு முன் நான் உங்களிடம் சொல்லிவிடுகிறேன். நாம் ஒரு பாய்மரப் படகு வாங்கிவிட்டோம்.

சிரிக்காதீர்கள். நீங்களும் சித்தப்பாவும் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பேசிக்கொண்டிருந்ததுதானே? கொச்சியில் அடுத்தவர் படகை ஓட்டி ஓட்டி அவருக்கு அலுத்துவிட்டது. சொந்தமாக ஒன்று வாங்கிச் சுற்றுலாக்காரர்களை ஏற்றலாம் என்றார். நீங்கள் எங்களை விட்டுப் போன பிறகு உங்கள் ஜீப்பை விற்ற பணத்தை அம்மா அதில் போட்டாள். விலைக்கு இரண்டு படகுகள் இருந்தன. ஒன்று புதுசு, ஒன்று பழசு. எங்களையும் வந்து பார்த்துச் சொல்லும்படி சித்தப்பா அம்மாவுக்குப் போன் செய்தார்.

அந்தப் போனில்தான் குழப்பம் ஆரம்பித்தது. பழசில் எல்லாம் நன்றாக இருக்கிறது, பாய் மட்டும் கிழிந்திருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். கிளம்புகிற அன்று பார்த்தால், அம்மா வீட்டிலிருந்த புதுக் கோரைப்பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்கிறாள். எனக்கும் படகைப் பற்றி என்ன தெரியும்? பேசாமல் கூடவே போனேன். பஸ்ஸில் கண்டக்டர் பாயைப் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறோம் என்று நினைத்து, "ஆஸ்பத்திரியிலேக்காணோ சேச்சி?" என்று பாவப்பட்டுக் கேட்டார்.

"இல்ல, கப்பலுக்கு" என்றாள் அம்மா.

இறங்கும் வரைக்கும் அவர் எங்கள் பக்கம் வரவே இல்லை.

படகுத்துறையில் சித்தப்பா சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "மதினி, நான் சொன்னது காத்துப் பிடிக்கிற பாயி." அம்மா அசரவில்லை. "காத்துப் பிடிக்கிறதுக்கும் படுக்கிறதுக்கும் ஒரே பேர வச்சா நான் என்னத்தக் கண்டேன்?"

முதலில் புதுசில் ஏறினோம். அப்பா, அது படகு இல்லை, வீடு. பெரிய ஜன்னல், இரண்டு அறை, குளிக்க ஷவர், அடுப்பு, ஃபிரிட்ஜ். நம் எஸ்டேட் லயத்து வீட்டை அதற்குள் வைத்தாலும் இடம் மிஞ்சும். கயிறுகள் எல்லாம் ஓட்டுகிறவர் கையெட்டும் இடத்துக்கே வந்துவிடுகின்றன. பொத்தானை அழுத்தினால் பாய் தானாக விரிகிறது. சித்தப்பா ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் டீ குடித்தார். நான் விருந்தாளி மாதிரி மடியில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு பெரிய படகு போனதும் அந்த அலையில் எங்கள் படகு நாய்க்குட்டி போலத் துள்ளியது.

பழசு தாழ்வாக, கனமாக, அழுக்குப் பச்சை நிறத்தில் இருந்தது. உள்ளே நிமிர்ந்தால் தலை இடிக்கும். கழிப்பறையில் ஒருவர் திரும்பவே முடியாது. ஆனால் அதே மாதிரி அலையை அது எருமை மாதிரி அசராமல் தாண்டியது. பாயை ஏற்ற யாராவது நடுவிலிருக்கும் பாய்மரத்துக்குப் போய்க் கயிற்றை இழுக்க வேண்டும். சித்தப்பா சுக்கானை விட முடியாது. "ஏத்தா எஸ்தரு, நீ போ" என்றார்.

போனேன். இழுத்தேன். ஒட்டுப்போட்ட அந்தப் பாய் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறியது. சட்டென்று காற்று அதைப் பிடித்துக்கொண்டது. படகு ஒரு பக்கம் சாய்ந்து நிதானமாக ஓடத் தொடங்கியது. சித்தப்பா எஞ்சினை நிறுத்தினார். பூப்பாறை இறக்கத்தில் நீங்கள் ஜீப்பை நியூட்ரலில் விடும்போது வருமே ஓர் அமைதி, அதுதான். எனக்கு வாய் மூடவே இல்லை, அப்பா. அத்தனை சிரிப்பு.

குறையையும் சொல்லிவிடுகிறேன். அது பின்னால் போகச் சொன்னால் கேட்காது. துறையில் கட்டுவதற்குள் சித்தப்பாவுக்கு வியர்த்துவிட்டது. அம்மா பின்பக்கம் நின்று, கொண்டை ஊசி வளைவில் உங்களுக்குச் சொல்வது போலவே, "வரட்டும், வரட்டும், ஒடிச்சு... போதும்" என்று கத்திக்கொண்டிருந்தாள்.

கரையேறியதும் சித்தப்பா புதுசுதான் சரி என்றார். வருகிறவர்கள் சௌகரியம்தான் பார்ப்பார்களாம். "அதுன்னா நான் ஒருத்தனே பாத்துக்கிடுவேன். எஸ்தரு உங்க கூடவே இருக்கட்டும் மதினி. பங்கு மாசாமாசம் வந்துரும்."

அவர் நல்லதற்குத்தான் சொன்னார். ஆனால் பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்டதிலிருந்து என்னை எல்லோரும் இப்படித்தான் பத்திரமாக வீட்டில் வைக்கிறார்கள். பதினெட்டு முடிந்துவிட்டது. நான் இல்லாவிட்டால் நடக்காது என்று ஒரு வேலையாவது இருக்க வேண்டாமா?

"அதுல எனக்கு வேலை இல்லையே, சித்தப்பா" என்றேன். அந்த நேரம் பார்த்து ஏதோ படகு ஹாரன் அடித்தது. அவருக்குக் கேட்கவில்லை. இன்னொரு தரம் சொன்னேன், துறையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி. "புதுசுக்கு ஆள் வேண்டாம். பழசுக்கு நான் வேணும்!"

சித்தப்பா என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். கயிறு பட்டுச் சிவந்திருந்தது. "கை காச்சுப் போகும் தாயி."

"போகட்டும்."

அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இவ சத்தமாப் பேசி நானே இப்பத்தான் கேக்கேன். பழசையே முடிச்சிருங்க தம்பி."

நீங்கள் இருந்திருந்தால் எதைச் சொல்லியிருப்பீர்கள்? புதுசைத்தான் சொல்லியிருப்பீர்களோ? உங்களிடம் அப்படிக் கத்தியிருப்பேனா என்றும் தெரியவில்லை.

திங்கட்கிழமை கொச்சிக்குப் போகிறேன். சித்தப்பா வீட்டில் சித்தியோடு தங்கப்போகிறேன். ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன், அப்பா. அடுத்த மழைக்காலம் வருவதற்குள், ஒரு நாள் எனக்குக் காய்ச்சல் என்றால் சித்தப்பா படகை அவிழ்க்காமல் துறையிலேயே காத்திருப்பார். அந்த அளவுக்கு வேலையைக் கற்றுக்கொள்வேன்.

பழைய படகின் புது ஆள்,
உங்கள் மூத்த மகள்
எஸ்தர்