ஓல்ஷின் பேருந்துக்கு ஒரு திருத்தம்

லிப்னா,
20 பிப்ரவரி 2012

மாண்புமிகு செனட்டர் அம்மணி ரெகினா சர்னெட்ஸ்கா அவர்களுக்கு,

தேர்தலில் தங்களிடம் தோற்ற ஸெனோன் கவ்ரோன் எழுதுவது. வாழ்த்துச் சொல்ல இத்தனை மாதமா என்று நினைக்க வேண்டாம். வயிற்றெரிச்சல் அடங்க அவ்வளவு காலம் பிடித்தது. இன்னும் முழுக்க அடங்கவில்லை. தாங்கள் கூடுதலாக வாங்கிய வாக்குகளை என் பேருந்து ஒன்றிலேயே ஏற்றிவிடலாம், நின்றுகொண்டு வருகிறவர்களையும் சேர்த்தால்.

வாழ்த்து முடிந்தது. இனி புகார்.

மேலவையில் போக்குவரத்து விவாதத்தில் தாங்கள் பேசியதை எங்கள் ஷெட்டுத் தொலைக்காட்சியில் பார்த்தோம், நானும் ஓட்டுநர் வாட்செக்கும். "லாபம் குறைந்ததும் வழித்தடத்தை நிறுத்திவிட்டுக் குரோவேஷியாவில் வெயில் காயப் போகிற முதலாளிகள்" என்று தாங்கள் சொன்னதும் வாட்செக் என் பக்கம் திரும்பி, "மொதலாளி, அந்தம்மா ஒங்களத்தான் சொல்லுது" என்றான். நாடு முழுக்கக் கேட்கத் திட்டு வாங்கிய முதல் கவ்ரோன் நான்தான். குரோவேஷியாவுக்கு நான் போனது ஒரே தடவை, என் மனைவி இருந்த காலத்தில். முதுகுத்தோல் உரிந்து திரும்பி வந்தேன். அவைக் குறிப்பில் திருத்திவிடவும்.

தோற்றாலும் மரியாதை குறையாத,
ஸெனோன் கவ்ரோன்

வார்சா,
2 மார்ச் 2012

கவ்ரோன் ஐயாவுக்கு வணக்கம்.

நம் தொகுதியில் பேருந்து வைத்திருப்பவர்கள் எத்தனையோ பேர். நான் யார் பெயரையும் சொல்லவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுத்தால் நான் என்ன செய்வது?

இத்தனை வருடம் லிப்னாவில் மருந்துக்கடை நடத்தியவள் நான். ஓல்ஷின் கிராமத்துக்காரர்கள் மாலையில் மருந்து வாங்கிக்கொண்டு, "திரும்பிப் போக வண்டி இல்லம்மா" என்று என் கடைவாசலில் நிற்பதைப் பார்த்துப் பார்த்துத்தான் தேர்தலில் நிற்கத் துணிந்தேன். அந்த மாலைப் பேருந்தை நிறுத்தியது யார் என்று இருவருக்குமே தெரியும். குரோவேஷியாவை வேண்டுமானால் வாபஸ் வாங்குகிறேன். மற்றது நிற்கும்.

மேடையில் என்னை "மாத்திரை டப்பா" என்று தாங்கள் சொன்னதும் காதில் விழுந்தது. வீட்டுக்குப் போய்ச் சிரித்தேன், அது வேறு விஷயம்.

ஏன் நிறுத்தினீர்கள்? சண்டைக்காகக் கேட்கவில்லை. அடுத்து அரசுச் செலவு பற்றிய விவாதம் வருகிறது. தெரிந்துகொண்டு பேச நினைக்கிறேன்.

ரெகினா சர்னெட்ஸ்கா

லிப்னா,
11 மார்ச் 2012

செனட்டர் அம்மணிக்கு,

கேட்டதால் சொல்கிறேன். கடைசிக் காலத்தில் அந்த மாலை வண்டியில் போனது ப்ளோரெக் என்கிற குடிகாரர் ஒருவர், சில நாட்கள் அவருடைய கோழி. இரண்டு பேருமே டிக்கெட் எடுப்பதில்லை. டீசலுக்கு நான் எங்கே போவேன்? விமானமே இறங்காத விமான நிலையத்துக்குக் கண்ணாடிக் கூரை போட இந்த மாகாணத்தில் காசு இருக்கிறது. கிராமத்துக்குப் பேருந்து விட மட்டும் கஜானா காலி.

நம்பிக்கை இல்லையென்றால் ஒரு வாரம் என் பேருந்துகளில் ஏறிப் பாருங்கள், செனட்டர் என்று சொல்லிக்கொள்ளாமல். டிக்கெட் எடுக்க வேண்டும்.

இதனுடன் நம் ஏரி மீன், நானே புகைபோட்டது. முள் பார்த்துச் சாப்பிடவும். மேலவையில் என்னைத் திட்ட ஒரே ஒரு ஆள்தான் இருக்கிறார், அவரை இழக்க விருப்பமில்லை.

ஸெனோன் கவ்ரோன்

வார்சா,
30 ஏப்ரல் 2012

அன்புள்ள கவ்ரோன் ஐயாவுக்கு,

ஏறினேன். கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டும் மூன்றாம் நாளே மாட்டிக்கொண்டேன். ரொட்டிக்கூடத்தில் வேலை செய்யும் தனூத்தா என்கிற பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நீங்க மருந்துக்கடை அம்மாதானே? செனட்டருக்குக் காரு குடுக்க மாட்டாங்களா?"

"குடுப்பாங்க. அதுல பேச்சுத் துணை இருக்காதே."

"அப்ப கேட்டுக்குங்க. சாயங்கால வண்டி ஓடுனப்ப ஆறு மணிக்கே கெளம்பிரும். எங்களுக்கு வேலை முடியறதே ஆறரைக்கு. ஆறே முக்காலுக்கு விட்டிருந்தா எங்க கூட்டம் மொத்தமும் ஏறியிருக்கும்."

"அந்தக் கவ்ரோன்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"அந்த மூஞ்சியப் பாத்தா சொல்லத் தோணுமா?"

முகத்தைப் பற்றி எனக்கு எந்தக் கருத்தும் இல்லை. நேரத்தைப் பற்றி நீங்கள்தான் யோசிக்க வேண்டும்.

கண்ணாடிக் கூரையைப் பற்றி அவையில் பேசிவிட்டேன். அந்தக் கூரை எங்கள் கட்சிக்காரர்களின் செல்லப் பிள்ளை என்பது உங்களுக்குத் தெரியும். பேசி முடித்து உட்கார்ந்தபோது என் வரிசையில் ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை. பரவாயில்லை. அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில், கூரைக்குப் போகிற பணத்தில் ஒரு பங்கைக் கிராமப் பேருந்துகளுக்குத் திருப்பும்படி ஒரு திருத்தம் எழுதிக்கொண்டிருக்கிறேன். நஷ்டக் கணக்கு எனக்குப் புரிவதில்லை. வந்து சொல்லித் தருவீர்களா, இல்லை நான் ஷெட்டுக்கு வரட்டுமா?

செனட்டர் பரிசு வாங்கக் கூடாது. ஆகவே மீனுக்குப் பதில் பிளம் ஜாம், நான் கிண்டியது. இப்போது இது பண்டமாற்று.

ரெகினா

லிப்னா,
6 ஜனவரி 2013

அன்புள்ள ரெகினா,

கோடை முழுக்க நீங்கள் ஷெட்டுக்கு வந்து, எண்ணெய்ப் பிசுக்கு மேசையில் காகிதங்களைப் பரப்பிக்கொண்டு, என்னை ஒரு நஷ்டத்தை நான்கு விதமாக விளக்கச் சொல்லிப் படுத்தினீர்கள். வாட்செக் பியெரோகிக் கொழுக்கட்டை வாங்கி வருவான், அதில் பாதியை நீங்களே தின்றுவிடுவீர்கள். பனி விழுந்த பிறகு நீங்கள் வரவில்லை. மேசையைத் துடைத்து வைத்திருக்கிறேன். "யாருக்காக மொதலாளி தொடைக்கிறீங்க?" என்று கேட்டு வாட்செக் உயிரை வாங்குகிறான்.

எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. குறுகலான சாலையில் பேருந்தைத் திருப்ப முடியாது, நேராகத்தான் ஓட்ட வேண்டும். என்னைக் கல்யாணம் செய்துகொள்வீர்களா? என் கட்சி உங்களுக்குப் பிடிக்காது. உங்கள் கட்சி எனக்கும் பிடிக்காது. அதைப் பற்றிச் சாப்பாட்டு மேசையில் காலம் முழுக்கச் சண்டை போடலாம்.

ஸெனோன்

வார்சா,
18 ஜனவரி 2013

ஸெனோனுக்கு,

இந்தக் கடிதத்தை அனுப்ப வேறு வாரமே கிடைக்கவில்லையா? நேற்றுதான் என் திருத்தம் விவாதத்துக்கு வந்தது. உங்கள் கடிதம் என் கைப்பையில் இருந்தது.

அவைத்தலைவர், "சர்னெட்ஸ்கா அம்மணி, பேசலாம்" என்றார். எழுந்தேன். மாதக்கணக்கான உழைப்பு கையில் இருக்கிறது. படித்தால் போதும்.

"தலைவரே, மொதல்ல ஒண்ணு சொல்லணும். இந்தப் பணம் கிடைக்கக்கூடிய பேருந்து முதலாளி ஒருத்தர் என்னைக் கல்யாணம் பண்ணிக்கக் கேட்டிருக்கார். நான் இன்னும் பதில் சொல்லல. அதனால இதுல நான் பேசறதும் ஓட்டுப் போடறதும் முறையில்ல" என்றேன்.

இரண்டு பக்கமும் சிரிப்பு. உங்கள் கட்சி வரிசையிலிருந்து கிழவர் ப்ரூனோன் கோஸ்த்கா எழுந்து, "என்ன பதில்னு அவைக்குத் தெரிஞ்சாகணுமே" என்றார். தலைவர் மணியடித்து, "அது இன்னைக்கு நிகழ்ச்சி நிரல்ல இல்ல" என்றார்.

நான் உட்காரப் போனேன். அந்தக் கோஸ்த்காவே தட்டுத் தடுமாறி நடந்து வந்து, "குடும்மா, நான் படிக்கறேன்" என்று காகிதங்களை வாங்கிக்கொண்டார். ஊர்ப் பெயர்களையெல்லாம் கடித்துக் குதறினார். ஆனாலும் திருத்தம் மயிரிழையில் நிறைவேறியது. நான் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உங்கள் மேல் அவ்வளவு கோபம்.

இதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கீழவை இதை ஒப்புக்கொண்டாலும், என் கணவருக்கு அந்தப் பணம் போகக் கூடாது. அது போகாவிட்டால் ஓல்ஷினுக்கு வண்டி இல்லை. தனூத்தாவை நினைத்தால் நான் உங்களுக்கு மாட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஐம்பத்தாறு வயதுவரை மருந்துக்கடையைக் கட்டிக்கொண்டு மாரடித்தவளுக்கு, முதல்முதலாக ஒருவர் கேட்கும்போது இப்படியா அமைய வேண்டும்?

ரெகினா

லிப்னா,
3 மார்ச் 2013

என் அன்புள்ள ரெகினா,

இவ்வளவு நாள் எழுதாததற்குக் காரணம் பயமில்லை, வேலை. ஊரே தொலைக்காட்சியில் உங்களைப் பார்த்துவிட்டது. வண்டியில் ஏறுகிறவர்கள் எல்லாரும் டிக்கெட் கேட்பதற்கு முன், "பதில் வந்துச்சா?" என்று கேட்கிறார்கள். தனூத்தா ஒரு கேக்கோடு ஷெட்டுக்கு வந்து என் முகத்தை நேராகப் பார்த்தே பேசினார்: "எங்க பஸ்ஸுக்காக அவங்கள விட்டுடாதீங்க. எங்களுக்கு நடந்து பழக்கம்."

கீழவை பாதியை வெட்டிவிட்டுப் பாதியை விட்டுவைத்ததே, அது நமக்குப் போதும்.

நான் செய்தது இதுதான். கம்பெனியை ஓட்டுநர்கள் பெயருக்கே எழுதிக் கொடுத்துவிட்டேன். பங்கும் இல்லை, நாற்காலியும் இல்லை. அவர்கள் கூடி வாட்செக்கைத் தலைவனாக்கினார்கள். அவன் முதல் வேலையாக என்னைக் கூப்பிட்டு, "ஸெனோன், லேட்டா வந்தா சம்பளத்துல பிடிப்பேன்" என்றான். இருபது வருடம் நான் அவனிடம் சொன்ன வசனம்.

மானியத்துக்கு அவர்கள் விண்ணப்பித்து, கிடைத்தும்விட்டது. நாளை முதல் ஆறே முக்கால் ஓல்ஷின் வண்டி ஓடும். ஓட்டப்போவது நான், மற்றவர்களைப் போலக் கூலிக்கு. உங்களுக்காகச் செய்யவில்லை என்று பெருமையாக எழுதிப் பார்த்தேன், பொய்யாக இருந்தது, அடித்துவிட்டேன். ஒரு செனட்டருக்கு இந்த வரன் கொஞ்சம் மட்டம்தான். யோசித்துச் சொல்லுங்கள். ஆனால் சீக்கிரம் சொல்லுங்கள், பயணிகளின் தொல்லை தாங்கவில்லை.

ஸெனோன்

வார்சா,
9 மார்ச் 2013

ஸெனோனுக்கு,

உங்கள் கடிதத்தை மேலவை உணவகத்தில் படித்தேன். கோஸ்த்கா பக்கத்தில் வந்து நின்று, "என்னம்மா, அழறியா சிரிக்கிறியா?" என்று கேட்டார். எனக்கே தெரியவில்லை. அவருக்கு ஒரு சூப் வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

உங்கள் முதலாளி வாட்செக்குக்கு இன்று தனியாக ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். ஜூன் மாதம் முதல் சனிக்கிழமை ஓட்டுநர் கவ்ரோனுக்கு விடுப்பு வேண்டும், மறுநாளும் வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். சம்பளம் பிடித்தாலும் பரவாயில்லை என்று சொல்லிவிட்டேன்.

நல்ல கோட்டு ஒன்று தைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள்,
ரெகினா