டாக்டர் சொன்னதில் நான் மறைத்தது

அக்கா,

ஒரு வாரத்துக்குப் பிறகு இன்று கொஞ்சம் வெயில் வந்தது. கம்பளிகளைக் காயப்போடலாம் என்று அலமாரியை இழுத்தேன். பின்னாலிருந்து உன் எக்ஸ்ரே உறைகள் சரிந்து விழுந்தன. ஒரு படத்தை உருவி ஜன்னல் பக்கம் பிடித்தேன். எத்தனையோ பேர் பார்த்துவிட்டுத் தலையசைத்த படம். எனக்கு உன் விலா எலும்புகள்தான் தெரிந்தன. அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

முதலில் நம் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் இழுப்பு என்று சொல்லி ஊதுகிற பம்ப் கொடுத்தார்கள். கேட்கவில்லை. டவுன் ஆஸ்பத்திரியில் டிபியாக இருக்கலாம் என்று உன் சளியை மூன்று முறை சோதித்தார்கள். எதிலும் ஒன்றுமில்லை. ஆனால் அந்தச் சொல் நமக்கு முன்பே லயத்து வீடுகளுக்கு வந்து சேர்ந்திருந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் உன் மடியில் உட்கார வருவது நின்றுபோனது. "விடுடி, எனக்கும் கொஞ்சம் காத்து வரட்டும்" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

பிறகுதான் தலவாக்கலையில் ரயிலேறிக் கண்டிக்குப் போனோம். ஸ்டேஷனுக்கு ஏறும் வழியில் நான்கு இடத்தில் நின்றாய். நிற்கும்போதெல்லாம், "அந்தப் பூவப் பாரேன்" என்றாய். மூச்சு வாங்கத்தான் நிற்கிறாய் என்று தெரிந்தும் நானும் பூவைப் பார்த்தேன்.

கண்டி டாக்டர் நல்லவர். சிங்களத்தில் நிதானமாகப் பேசினார். கொழும்பில் வீட்டுவேலை செய்த காலத்தில் சிங்களம் படித்தவள் நான்தானே, என்னிடம்தான் சொன்னார். இது டிபி இல்லை. நுரையீரலில் தழும்பு விழுந்து இறுகிவிட்டது. பேக்டரியில் நீ சலித்த தேயிலைத் தூசியா, அடுப்புப் புகையா, வேறு ஏதாவதா, "ஹரியட்டம கியன்ட பே" என்றார். சரியாகச் சொல்ல முடியாதாம். இறுகினது இறுகினதுதானாம்.

நான் உன் பக்கம் திரும்பி, "சளி கட்டியிருக்காம்க்கா. மருந்து குடிச்சா சரியாயிடுமாம்" என்றேன்.

திரும்பும் ரயிலில் ஹட்டன் நெருங்கும்போது கேட்டாய்.

"அவரு அம்புட்டு நேரம் பேசுனாரு. நீ ரெண்டே வார்த்தையில முடிச்சிட்டியே?"

"சிங்களத்துல அப்படித்தான்க்கா, நீளமா வரும்."

"பொய் சொல்லாத. அந்த 'பே' எனக்கும் வெளங்கும். என்ன முடியாதாம்? சொல்ல முடியாதா, சரி பண்ண முடியாதா?"

"ரெண்டும்தான்க்கா." எனக்கு அழுகை வந்துவிட்டது.

நீ அழவில்லை. "டிபியா?" என்றாய்.

"இல்லக்கா. அது இல்லவே இல்லன்னாரு."

"அட பாவி, அத மொதல்ல சொல்லக்கூடாதா?"

கெட்டதை மறைக்கப் போய் நல்லதையும் சேர்த்து மறைத்திருந்தேன். அன்று சாயங்காலமே பக்கத்து வீட்டு வாசலில் நின்று நீயே சொன்னாய்: "என்ன நோயின்னு அவங்களுக்கே தெரியல. ஆனா தொத்தாது. புள்ளைகள அனுப்புங்க." மறுநாள் சின்னவள் வந்தாள். நீ போகும்வரை அவர்கள் வருவது நிற்கவில்லை.

உனக்கு என்ன நோய் என்று இன்றும் கேட்கிறார்கள். அதற்கு என்னிடம் பெயர் இல்லை.

இப்போது கிளினிக்குக்குப் போகிறவர்கள் சிங்களத்துக்காக என்னைத் துணைக்குக் கூப்பிடுகிறார்கள். டாக்டர் சொல்வதை அப்படியே சொல்கிறேன். தெரியாது என்றால், தெரியாது என்றே சொல்கிறேன். கூட வந்தவரை வார்டில் சேர்த்துவிட்டு ரயிலில் தனியாகத் திரும்புகிற நாளில், பக்கத்து இருக்கையில் யாராவது வந்து உட்காரும்வரை, எல்லாவற்றையும் உன்னிடம் சொல்லிக்கொண்டு வருகிறேன் அக்கா, ஒரு வார்த்தை விடாமல்.