நைஜர் நதித் தோணிக்காரர்கள்

அப்பா,

இங்கே ரிச்சர்ட்சன் நகரில் இன்று என் கல்லூரி வகுப்பின் முன் நின்று, ஆப்பிரிக்காவின் சொங்காய் மக்களைப் பற்றிப் பேசினேன். நைஜர் நதியில் மீன்பிடித்தும் தோணி ஓட்டியும் வாழ்ந்தவர்கள். பாலைவனத்து உப்பும் தெற்குத் தங்கமும் கைமாற அவர்களுடைய தோணிதான் வேண்டியிருந்தது. ஆற்றை அறிந்த அவர்களிடம் வணிகம் சேர்ந்தது. பிறகு ஒரு பேரரசே எழுந்தது.

“தோணியைப் பத்தி இவ்ளோ எப்படிடி தெரியும்?” என்றாள் அறைத்தோழி ஜெபினா.

“எங்கப்பா தூத்துக்குடியில தோணித் தண்டல். கேப்டன் மாதிரி.”

“அடிப்பாவி! ஷிப்பிங் கம்பெனி மேனேஜர்னுல்ல சொன்ன?”

நான்கு ஆண்டுகளாக எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லியிருந்தேன். பட்டமளிப்பு விழாவுக்குப் பெற்றோரை அழைக்க மாட்டார்கள் என்று உங்களிடம் சொன்னதும் பொய்தான்.

அழைப்பிதழை இதனுடன் வைத்திருக்கிறேன். காற்றே இல்லாத நாளில் தோணி எப்படி நகரும் என்று ஜெபினா கேட்கிறாள். நீங்களே வந்து சொல்லுங்கள், அப்பா.

உங்கள் மகள்