சொல்லக் கூடாத பொருத்தம்

1983 ஆவணி, புதன் இரவு

காசநோய் ஆய்வுக்காக இன்று நெரவியில் வீடு வீடாகச் சளி வாங்கினேன். கமலத்தம்மாள் வீட்டில் மட்டும் யாரும் தர மாட்டோம் என்றார்கள். அம்மாள் என்னைக் கொல்லைப்பக்கம் அழைத்துப் போனார்.

"நர்சம்மா, மேலத்தெருவுல எம் மவனுக்குப் பொண்ணு பாத்திருக்கோம். அதுக்கு இருமல்னு பேசிக்கிறாங்க. நோவு இருக்கான்னு மட்டும் சொல்லுங்க."

"சளி டப்பாவுல பேரு இருக்காது, நம்பர்தாங்க இருக்கும். தெரிஞ்சாலும் சொல்ல மாட்டேன்."

"கல்யாண விசயங்க."

"நாளைக்கு அவங்க ஒங்க வீட்டப் பத்திக் கேட்டா சொல்லிடட்டுங்களா?"

விரட்டிவிடுவார் என்றே நினைத்தேன். அவரோ குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அப்ப எங்க வீட்டு சங்கதியும் வெளிய போவாதுல்ல?"

"போகாதுங்க."

உடனே உள்ளே பார்த்து, "எல்லாரும் வாங்க, நர்சம்மாவ நம்பலாம்" என்று குரல் கொடுத்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கடைசியாக வந்த மாப்பிள்ளைப் பையன் டப்பாவை வாங்கிக்கொண்டு மெதுவாகக் கேட்டான்.

"எனக்கு ஏதாச்சும் இருந்தா அம்மாகிட்ட சொல்லிடுவீங்களா?"

"டாக்டர் ஒங்ககிட்ட மட்டுந்தான் சொல்லுவாரு. மருந்தும் குடுப்பாரு."

அவன் முகம் தெளிந்தது.

மேலத்தெருப் பெண்ணும் நேற்று இதே கேள்வியைத்தான் கேட்டாள். நல்ல ஜோடிதான் என்று சொல்ல வாய் துறுதுறுத்தது. சொல்லவில்லை.